ஓலைதான் படித்திருக்கிறார்கள், தாலி கட்டவில்லை

அனுப்புநர்: உன் அம்மா, தாலுகா ஆபீசுக்கு எதிர் ஜெராக்ஸ் கடை, திண்டிவனம்.
பெறுநர்: என் மகன், வாடகை வீடு, விழுப்புரம்.
பொருள்: போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்தது தொடர்பாக.

சிரிக்காதே. இருபத்தாறு வருடமாக ஊராருக்கெல்லாம் அனுப்புநர், பெறுநர் எழுதி எழுதித் தேய்ந்த கை இது. பட்டா மாற்ற, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் பென்ஷன் கேட்க, சாதிச் சான்றிதழ் வாங்க என்று வந்தவர்கள் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்தேன். உனக்கு மட்டும் எழுதியதில்லை. நீ போனை எடுத்தால் எழுத வேண்டிய அவசியமும் வந்திருக்காது. மூன்று நாளாக எடுக்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். இதை மூடிய கவரில் போட்டு அனுப்பப் போவதில்லை. ஒரு பிரதி உனக்கு, இன்னொரு பிரதி கடைக் கண்ணாடிக்கு. வருகிறவர்களில் பத்தில் மூன்று பேர் இப்போது வீட்டுக் கடனுக்குத்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை. உன் சித்தியைப் பற்றி எழுதுவதற்கு அவளிடம் கேட்டுக்கொண்டேன், உன் மனைவியிடமும் கேட்டுக்கொண்டேன். உன்னிடம்தான் கேட்கவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கண்ணாடியில் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே. முண்டியம்பாக்கம் போகிற வழியில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் நீங்கள் இருவரும் ஒரு வீடு பார்த்திருக்கிறீர்கள். நல்ல வீடு, நானும் வந்து பார்த்தேன், சமையலறையில் வெளிச்சம் வருகிறது. அந்த வீட்டை விற்கிறவர் கையோடு ஒரு கடன் கம்பெனி ஆளையும் கூட்டிவந்தார். அந்த ஆள் உங்கள் வீட்டுக்கே வந்தார், உன்னை வாய்க்கு வாய் சார் என்றார், காபி குடித்தார், கடன் விண்ணப்பத்தை நீட்டினார். நீயும் கையெழுத்துப் போட்டாய், உன் மனைவியும் போட்டாள். இப்போது கடன் தருகிறோம் என்று சேங்ஷன் லெட்டரும் வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை அவர்கள் ஆபீசில் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு நடுவில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வேறு எங்கேயாவது வட்டி விசாரித்தாயா என்று.

“அதான் கையெழுத்து போட்டாச்சுல்லம்மா. இனிமே வேற பேங்க்ல போய் கேட்டுக்கினு இருந்தா அந்தாளு மூஞ்சில எப்பிடி முழிக்கிறது? மழையில நனைஞ்சிக்கினு ரெண்டு தடவ வந்து பேப்பர் வாங்கிக்கினு போனாரு” என்றாய்.

“நனைஞ்சவருக்குத் தொவட்டிக்க துண்டு குடுத்தியா?”

“குடுத்தோம்.”

“அதோட சரியாப் போச்சு. துண்டுக்கு மேல இருவது வருஷ வட்டியும் குடுக்கணுமா?”

“உனுக்கு எல்லார்கிட்டயும் சண்ட போடணும்மா. பேஜாரு பண்ணாத, வை போன.” சொல்லிவிட்டு நீயே வைத்துவிட்டாய்.

உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “பெரிய பையன் ஆயிட்டான், விட்டுடு” என்று பேப்பரை விரித்துக்கொண்டார். விட்டும் இருப்பேன். வீடு உன்னுடையது, கடன் உன்னுடையது, நான் யார்? ஆனால் மறுநாள் காலையில் உன் மனைவி கூப்பிட்டாள். உன்மேல் புகார் சொல்லக் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, அந்தப் பெண்ணுக்கு அது வராது.

“அத்த, நான் அவர குத்தம் சொல்லலைங்க. பேப்பர போட்டோ எடுத்து அனுப்பறேன், படிச்சி மட்டும் சொல்றீங்களா? கொழந்த பொறந்ததும் ஆறு மாசம் வீட்டுல இருக்கலாம்னு நெனச்சேன். நான் வேல பாக்கற லேப்ல சம்பளம் இல்லாத லீவுதான் தருவோம்னு சொல்லிட்டாங்க. இந்த டியூ கட்டணும்னா மூணாம் மாசமே நான் வேலைக்குப் போவணும். வேற பேங்க்ல கேட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். கையெழுத்து போட்டாச்சு, இனிமே என்ன பேசறதுன்னுட்டாரு.”

கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே என்ன பேசறது. ஒரு எழுத்துப் பிசகாமல் இதே வாக்கியத்தை நான் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் உன்னை விட முடியவில்லை.

உன் சித்தி கல்யாணம் முகையூர் பக்கத்து நம் ஊரில் நடந்தது உனக்குத் தெரியும், ஆல்பம் பார்த்திருக்கிறாய். அதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆல்பம் கிடையாது. நம் மாதா கோயில் வழக்கம் உனக்கே தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியாரிடம் போய் ஓலை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஓலை படிப்பார்கள். உன் சித்தி அப்போது ஆசிரியர் பயிற்சி கடைசி வருடம். பயிற்சி முடிக்கட்டும், வேலைக்கும் போகட்டும் என்று சொல்லித்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டார்கள். முதல் ஓலை படித்தாயிற்று, இரண்டாம் ஓலையும் படித்தாயிற்று. அந்த வாரம் புடவை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் மாமியார்க்காரி, எங்க வீட்டு மருமக வேலைக்கெல்லாம் போறதில்ல, பயிற்சியும் இத்தோட போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் உன் சித்தி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “அக்கா, இது மொதல்லியே தெரிஞ்சிருந்தா நான் ஒத்துக்கினே இருக்க மாட்டேன். சாமியார்கிட்ட போய் சொல்லி நிறுத்திடலாமாக்கா? நீ சொன்னா அப்பா கேப்பாரு.” உண்மைதான், நான் சொன்னால் எங்கள் அப்பா கேட்பார். வீட்டில் மூத்தவள், நான்கு எழுத்துப் படித்தவள், என் வாய்க்கு மரியாதை இருந்தது. அந்த வாயால்தான் சொன்னேன். “ஓலையில கையெழுத்து போட்டாச்சு, ரெண்டு ஓலை படிச்சாச்சு. கையெழுத்து போட்டாச்சு, இனிமே என்ன பேசறது?”

மூன்றாம் ஞாயிறு பூசையில் பெண்கள் பக்கத்தில் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் நான்கு வரிசை பின்னால். சாமியார் ஓலையைப் படித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றபோது அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஊரே சாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்க வேண்டிய தேவையே இல்லாத தலைப்பு. அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் நிமிரவே இல்லை.

உன் சித்தப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குடிக்கிறவர் இல்லை, கை நீட்டியவர் இல்லை, இன்றைக்கு அவரே காலையில் அவளைக் கிளியனூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர அவளுக்குப் பதினாறு வருடம் ஆயிற்று. விட்ட பயிற்சியை அவள் மறுபடி எழுதும்போது கூட உட்கார்ந்திருந்த பெண்கள் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். சித்தி ஏன் எப்போதும் சுள்ளென்று பேசுகிறாள் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். என்னால்தான். ஓலை எதற்காகப் படிக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நிறுத்த வேண்டியது இருந்தால் நிறுத்தத்தான் மூன்று வாரம் கொடுக்கிறார்கள். தாலி கட்டுகிறவரைக்கும் அது கல்யாணம் இல்லை. நிறுத்துவதற்காகக் கொடுத்த நாளையே, இனி நிறுத்த முடியாது என்பதற்குக் காரணமாகச் சொன்னவள் உன் அம்மா.

உன்னிடமும் அதையேதான் செய்தேன். பிளஸ் ஒன்னில் கணக்கு, பயாலஜி குரூப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தாம் நாள் வந்து காமர்ஸ் வேண்டும் என்றாய். மாத முடிவுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியரே சொன்னார். நான்தான் ‘போட்ட கையெழுத்துக்கு மரியாதை வேணும்’ என்று வசனம் பேசினேன். இரண்டு வருடம் தவளையைப் பார்த்துப் பார்த்து நீ முழித்ததை நானும் பார்த்தேன். பிறகு காலேஜில் காமர்ஸ்தான் படித்தாய், கணக்கு எழுதுகிற வேலையில்தான் இருக்கிறாய். நடுவில் போன அந்த இரண்டு வருடம் என்னால் போனது. ஆகவே இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தேட வேண்டியதில்லை. கொடுத்தவளே இப்போது திருப்பிக் கேட்கிறேன், கொடுத்துவிடு.

உன் மனைவி அனுப்பிய போட்டோக்களுக்கு வருகிறேன். பதினோரு பக்கம். நீ முதல் பக்கத்தையும் கையெழுத்துப் போடுகிற பக்கத்தையும் மட்டும் பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும், எல்லோரும் அப்படித்தான். நான் பூதக்கண்ணாடி வைத்து எல்லாவற்றையும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்த விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதால் மட்டும் கடன் கொடுக்க நிறுவனம் கட்டுப்பட்டதாகாது, எந்த நிலையிலும் மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று. எனக்குக் கடையிலேயே சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் கட்டுப்படவில்லையாம், எந்த நிலையிலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். நீ மட்டும் மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று வெட்கப்படுகிறாய். நீ கட்டுப்பட்டவன் என்று பதினோரு பக்கத்தில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை தேடினேன். கட்டிய பீஸ் திரும்பி வராது என்று இருக்கிறது, கடனை எடுத்தே ஆகவேண்டும் என்று எங்கேயும் இல்லை.

விண்ணப்பம் என்ற சொல்லை என்னைவிட அதிகமாக எழுதியவர்கள் இந்தத் தெருவில் இல்லை. விண்ணப்பம் என்றால் கேட்பது. எனக்குக் கொடுப்பீர்களா, எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்பது, அவ்வளவுதான். பணிந்து கேட்டுக்கொள்கிறேன் என்று முடிக்கிறோமே, கேட்டுக்கொள்கிறேன் என்பதற்குக் கட்டுப்படுகிறேன் என்று எப்போது அர்த்தம் வந்தது? விலை கேட்டதற்காக ஒரு கிலோ வாங்கியே தீர வேண்டும் என்றால் திண்டிவனம் மார்க்கெட்டில் ஒரு கடை நடக்காது. வறுத்துத் தின்ன மல்லாட்டை வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்குகிற குடும்பம் நம்முடையது. நீயே ஒரு செருப்புக்கு என்னை விழுப்புரம் முழுக்க அலைய வைத்தவன்தான்.

எனக்குத் தெரிந்தது தப்பாகவும் இருக்கலாம் என்று நேற்று கடையைச் சாத்திவிட்டு நம் கணக்கு இருக்கிற பேங்குக்குப் போனேன். கடன் பிரிவில் இருக்கிற பெண் நம் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பாள். பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அப்ளிகேஷன் குடுத்தா, கேட்டிருக்கீங்கன்னு அர்த்தம்மா, அவ்ளோதான். சேங்ஷன் லெட்டர் வந்தா, குடுக்கறோம்னு அவங்க சொல்றாங்கன்னு அர்த்தம். அப்பவும் வேணாம்னு சொல்லலாங்க. அக்ரிமெண்ட்ல போடறதுதான் நெஜமான கையெழுத்து. அத போட்டு, ஒரிஜினல் பத்திரத்தக் குடுத்து, பணமும் கைமாறிட்டா அப்புறம் வெளிய வர்றது பெரிய அலைச்சல். அதுக்கு முன்னாடி நாலு எடத்துல கேக்கச் சொல்லுங்க உங்க பையன.”

“கேட்டா தப்பா நெனைக்க மாட்டாங்களா?”

“நாங்களே வேற பேங்க்ல என்ன தர்றாங்கன்னு கேட்டுக்கினுதானம்மா ஒக்காந்திருக்கறோம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வாயால எத்தினி எடத்துல வேணா கேக்கலாம். அப்ளிகேஷன் பாரம் ரொப்பி எல்லா எடத்துலயும் குடுத்துடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் சிபில் ஸ்கோர் பாப்பாங்க, நெறைய பேரு பாத்தா கொஞ்சம் எறங்கும். ரெண்டு எடம் போதும்.”

இதைக் கேட்டுக்கொள், நான் அவசரக்காரிதான், ஆனால் இதில் அவசரப்பட்டு எழுதவில்லை. வட்டி எவ்வளவு என்பதோடு நிற்காதே. எல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு கட்டுவேன் என்று ஒரே தாளில் எழுதித் தரச்சொல், தர வேண்டியது அவர்கள் கடமை. உன் பேப்பரில் ஒரு இன்ஷூரன்ஸையும் கடனோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள், அதற்கும் இருபது வருடம் வட்டி ஓடும். இது கட்டாயமா என்று கேள், கட்டாயம் என்றால் எழுதிக் கொடுங்கள் என்று கேள், முகம் எப்படிப் போகிறது என்று பார். நம் பேங்கில் அந்தப் பெண் போட்டுக் காட்டிய டியூவில் உன் மனைவி ஆறு மாதமும் வீட்டில் இருக்கலாம். கடைசி முடிவு அவர்கள் பேப்பர் எல்லாம் பார்த்த பிறகுதான் என்றும் சொன்னாள், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்டுப் பார்த்துவிட்டு முதல் ஆளே நல்லவர் என்று தெரிந்தால் அவரிடமே வாங்கு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வீட்டை விற்கிறவரோடு நீ போட்டிருக்கிற ஒப்பந்தம் வேறு. அதில் தேதி இருக்கிறது, கொடுத்த அட்வான்ஸ் இருக்கிறது, அந்தக் கையெழுத்து உன்னைக் கட்டும், அதை நீ மதிக்கத்தான் வேண்டும். அதற்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. எல்லாக் கையெழுத்தும் ஒரே கையெழுத்து இல்லை. எது கட்டும், எது கட்டாது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுப்பதற்குப் பெயர் நேர்மை இல்லை. அது பயம். நான் அதற்கு மரியாதை என்று பெயர் வைத்து முப்பது வருடம் வீட்டில் வைத்திருந்தேன். இனி இந்த வீட்டில் அந்த வாக்கியம் கிடையாது. உன் அப்பா சொன்னாலும் கிடையாது, நீ சொன்னாலும் கிடையாது.

அந்த ஆளுக்கு என்ன சொல்வது என்றுதானே தவிக்கிறாய்? இதைச் சொல். “சார், நீங்க நல்லா ஓடினீங்க, ரொம்ப நன்றிங்க. நாங்க இன்னும் ரெண்டு எடத்துல கேட்டுக்கினு இருக்கறோம், சனிக்கிழமை கையெழுத்து போடல.” சொல்லிவிட்டுக் காபி கொடு. ஓடுவது அவர் வேலை, அதற்குச் சம்பளம் வாங்குகிறார். ஜல்தியா போடுங்க சார், ஆபர் போயிடும் என்று அவர் சொன்னால், போகட்டும் என்று சொல். இன்னொன்று, அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று எத்தனை முறை யோசித்தாய்? பக்கத்தில் ஐந்து மாத வயிற்றோடு உட்கார்ந்திருப்பவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒருமுறை யோசித்தாயா?

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் உன் சித்திக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். பிறகு, “நீ குனிஞ்சத நான் பாத்தேன்க்கா. கண்ணாடியில ஒட்டு, பெருசா ஒட்டு” என்றாள். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியது இதுதான் முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்டேன். சரி விடு என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

நீ போனை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் வந்துவிடுவேன். கடைக்கு லீவு. அந்த ஆபீஸ் வாசலில் நீ என்னைத் தடுத்தால் வாசலில் நிற்பேன், விட்டால் உள்ளே வந்து உங்கள் இருவருக்கும் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீ போடத்தான் போகிறாய் என்றால் உன் கையைப் பிடிக்க மாட்டேன், அது உன் கை. ஆனால் அடுத்து உன் மனைவியிடம் பேனாவை நீட்டுவார்கள். அப்போது அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தால், மகனே, நான் எழுந்து நிற்பேன்.